சர்ப்பகந்தி முதல் ரெசர்பின் வரை: ஓர் இரத்த அழுத்த மருந்தின் வரலாறு

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிற்றூர் பெக்கான் நானாஸ். மலாய் மொழியில் இப்பெயருக்கு 'அன்னாசி நகரம்' என்பது பொருள். சுற்றியுள்ள கரிச்சதுப்பு நிலத்தில் விளையும் அன்னாசியே ஊருக்குப் பெயரும் பிழைப்பும் தந்தது. அன்னாசிக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கு உண்டு. மலாய் மொழியின் 'நானாஸ்', தமிழின் 'அன்னாசி' ஆகிய இரண்டு சொற்களும் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்து சேர்ந்தவை. செடியும் சொல்லும் கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றியமைக்கு இவ்வூரே சான்றாக நிற்கிறது.

இத்தகைய ஊர்களின் அரசாங்கச் சுகாதார நிலையங்களில், கையில் மருத்துவச் சந்திப்பு அட்டையுடன் காத்திருக்கும் முதியோரிடையே தமிழர்களும் உள்ளனர். தோட்டப்புற வாழ்க்கையைக் கடந்து வந்த அத்தலைமுறையினர் பலர் 'பிரஷர் மாத்திரை' பெறுவதற்காக வருகின்றனர். அம்லோடிபின், பெரிண்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைடு முதலியன அவர்களுக்கு இன்று வழங்கப்படும் மருந்துகள். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் வழங்கிய மருந்து ஒன்று இருந்தது. ரெசர்பின் என்னும் அம்மருந்து, இந்திய மண்ணில் விளைந்த சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாகும்.

இம்மருந்தைக் கண்டறிந்தவர் யார் என்ற வினாவுக்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. மேனாட்டு ஆய்வுக்கூடமே அதனைக் கண்டது என்பது ஒன்று. நம் முன்னோர் இரத்த அழுத்தத்துக்கு மருந்தைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பதையும், இரண்டுக்கும் இடையே பெயர் மறக்கப்பட்ட ஒரு தலைமுறையின் உழைப்பு உள்ளது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்மருந்து உடலில் செயற்படும் முறையும் அதன் மருத்துவப் பயன்களும் இவ்வரலாற்றின் பகுதியாகவே விளக்கப்படுகின்றன.

செடியும் பெயர்களும்

சர்ப்பகந்தி, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இந்தியத் துணைக்கண்டம் தொடங்கி மியன்மார், தாய்லாந்து, மலாய்த் தீபகற்பம், சாவகம் வரை இயற்கையாக வளர்வது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களையும், பாம்பைப் போல் வளைந்து செல்லும் வேரையும் உடையது. தமிழ் மூலிகைப் பட்டியல்களில் இது சர்ப்பகந்தி, சிவன் அமல்பொடி முதலிய பெயர்களால் குறிக்கப்படுகிறது. தாவரவியலார் வழங்கும் பெயர் ராவுல்ஃபியா செர்பென்டினா என்பதாகும்.

இத்தாவரவியற் பெயரில் ஒரு முரண் உண்டு. லியோன்ஹார்ட் ராவுல்ஃப் 16ஆம் நூற்றாண்டில் செருமனியின் ஆக்சுபர்க் நகரில் வாழ்ந்த மருத்துவர். மூலிகைகளைத் தேடி மேற்கு ஆசியாவில் பயணம் செய்த அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் புளூமியே அமெரிக்கச் செடியினம் ஒன்றுக்கு அவர் நினைவாகப் பெயரிட்டார். பின்னர் இந்தியச் செடியும் அவ்வினத்தின்கீழ் வகைப்படுத்தப்பட்டது. இச்செடியைக் கண்டிராத ஒருவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட, அதனைத் தலைமுறைகளாகப் பயன்படுத்தியோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

சரக சங்கிதையில் சர்ப்பகந்தா என்னும் பெயர் இடம்பெறுகிறது. ஆயினும் அப்பெயர் இன்று நாம் அறியும் செடியைத்தான் குறித்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பிற்கால வழக்குகள் இதனினும் தெளிவானவை. அம்போன் தீவில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய ரம்பியஸ் 17ஆம் நூற்றாண்டில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1741ஆம் ஆண்டு முதல் வெளியான தாவர நூலில், பாம்புக்கடிக்கு வழங்கப்பட்ட இத்தகைய வேரைப் பற்றிய செய்தி உள்ளது. பாம்புடன் பொருதும் கீரி இவ்வேரைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்ற நாட்டார் நம்பிக்கையும் அதனுடன் சேர்த்துக் கூறப்பட்டது. பீகாரில் இவ்வேர் 'பைத்தியத்துக்கான மருந்து' என்ற பொருளுடைய பெயராலேயே சந்தைகளில் விற்கப்பட்டது. அழும் குழந்தையை உறங்கவைக்கவும் அது கொடுக்கப்பட்டதுண்டு.

இவற்றை ஒருங்கே நோக்கின், மரபு இவ்வேருக்குத் தந்த பயன்கள் பாம்புக்கடி, மனக்கலக்கம், உறக்கமின்மை, காய்ச்சல் முதலியன என்பது புலனாகும். இவற்றுள் பாம்பின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் இவ்வேருக்கு இல்லை. கிளர்ச்சியை அடக்கி உறக்கம் தருதல் என்பதோ உண்மையாயிற்று. மரபுச் செய்திகளில் மெய்யும் பொய்யும் கலந்தே வரும் என்பதற்கும், சோதனையின்றி அவற்றைப் பிரித்தறிய இயலாது என்பதற்கும் இது தக்க எடுத்துக்காட்டு.

அளவீட்டுக்கு முன்னும் பின்னும்

மேற்கண்ட பட்டியலில் 'உயர் இரத்த அழுத்தம்' இல்லை. அது வியப்பன்று. ஏனெனில், இரத்த அழுத்தம் என்பது அளந்தே அறியக்கூடிய ஒன்று. 1733ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதில் இரத்தம் ஏறி நின்ற உயரத்தை அளந்து நூலில் வெளியிட்டார். மனிதரை வெட்டாமல் அளக்கும் கைப்பட்டைக் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். உருசிய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் 1905ஆம் ஆண்டில், கைப்பட்டைக்குக் கீழே தமனியில் எழும் ஒலியைக் கேட்டு மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் குறிக்கும் முறையைக் கண்டார். இன்றும் சுகாதார நிலையங்களில் கூறப்படும் '140-க்கு 90' போன்ற இரட்டை எண்கள் அம்முறையின் வழிவந்தவையே.

ஆகவே 1905ஆம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட எந்த மருத்துவ நூலிலும், அது சித்த மருத்துவமாயினும் ஆயுர்வேதமாயினும் மேனாட்டு மருத்துவமாயினும், இன்றைய பொருளில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மருந்தைத் தேடுவது காலவழுவாகும். பழம்நூல்களில் வரும் குருதி தொடர்பான நோய்க்குறிப்புகளை இக்காலக் கருத்தாக்கத்தோடு சமன்படுத்துவது அந்நூல்களுக்கும் நீதி செய்வதாகாது.

இவ்விடத்தில் தமிழ்ச் சொல்வழக்கையும் நோக்குதல் தகும். இந்நோயைத் தமிழ்நாட்டில் 'இரத்தக் கொதிப்பு' என்பது பெருவழக்கு. மலேசியாவில் 'பிரஷர்' என்பர். 'உயர்ந்த இரத்தம்' என்னும் பொருளுடைய 'டாரா திங்கி' என்ற மலாய்த் தொடரும் தமிழர் பேச்சில் கலந்து வழங்குகிறது. 'கொதிப்பு' என்னும் சொல் சினத்தையும் உடற்சூட்டையும் நினைவூட்டுவது. ஆதலின், அமைதியானவருக்கு இந்நோய் வாராது என்றும், தலைச்சுற்றலோ தலைவலியோ இல்லாவிடில் நோய் தணிந்துவிட்டது என்றும் எண்ணும் மயக்கத்துக்கு அது இடமளிக்கிறது. உண்மையில் இந்நோய் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாமலேயே பல்லாண்டுகள் தமனிகளையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சிதைப்பது. தோட்டப்புறத் தமிழர் அஞ்சிய மலேரியா நடுக்கத்தோடு தன் வருகையை அறிவித்தது. உயர் இரத்த அழுத்தமோ அளவீடு ஒன்றினால் மட்டுமே தன்னைக் காட்டுவது. 'இரத்த அழுத்தம்' என்ற கலைச்சொல் இம்மெய்ம்மைக்கு நெருக்கமானது.

1931: டில்லியும் கல்கத்தாவும்

சர்ப்பகந்தியின் நவீன வரலாறு 1931ஆம் ஆண்டில் இந்தியாவின் இரண்டு நகரங்களில் தொடங்கியது எனலாம்.

டில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய ஆயுர்வேத, யுனானி திப்பிக் கல்லூரியைச் சார்ந்து ஆய்வு நடத்திய சலீமுசமான் சித்திக்கி, ரஃபத் ஹுசைன் சித்திக்கியுடன் இணைந்து, இவ்வேரில் அடங்கிய ஆல்கலாய்டுகள் சிலவற்றைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். ஆல்கலாய்டு என்பது செடிகளில் உண்டாகும், நைட்ரசன் கொண்ட, உடலில் வலிமையாகச் செயற்படும் வேதிப்பொருள். அபினியின் மார்பினும் சிங்கோனாப் பட்டையின் குயினினும் இவ்வகையின. சித்திக்கி தாம் கண்டவற்றுள் ஒன்றுக்கு, 1927ஆம் ஆண்டில் மறைந்த அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீர்செய்யும் ஆற்றல் அதற்கு இருப்பது பின்னர் அறியப்பட்டது. புருகாடா நோய்த்தொகுதி எனப்படும் பிறவி இதயக் குறைபாட்டைக் கண்டறியும் சோதனையில் அஜ்மலின் இன்றும் பயன்படுகிறது.

அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், சர்ப்பகந்தி மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய புதிய இந்திய மருந்து என அறிவித்துக் கட்டுரை வெளியிட்டனர். கணநாத சென் ஆயுர்வேதத்திலும் மேனாட்டு மருத்துவத்திலும் ஒருசேரப் பயின்றவர் என்பது இங்குக் கருதத்தக்கது. மரபு கூறியபடி மனக்கலக்கமுற்றோருக்கு வேர்ப்பொடியைக் கொடுத்தபோது, கிளர்ச்சி அடங்குவதோடு இரத்த அழுத்தமும் இறங்குவதை இவர்கள் கண்டனர். மரபு தந்தது வேரும் அதன் உறக்கமூட்டும் பண்பும். அளவுகருவி தந்தது அழுத்தம் இறங்கிய செய்தி. இவ்விரண்டையும் ஒரே நோயாளியிடத்தில் இணைத்துப் பார்த்த கண்ணே கண்டுபிடிப்புக்கு உரியது.

தொடர்ந்து, கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இராம்நாத் சோப்ராவும் அவர் குழுவினரும் 1930களில் விலங்குகளிடத்து இவ்வேரின் செயற்பாட்டை ஆராய்ந்தனர். 1934ஆம் ஆண்டில் இமாலயா மருந்து நிறுவனம் வேரிலிருந்து 'செர்பினா' என்னும் மாத்திரையை வெளியிட்டது. பர்மாவில் மிரண்ட யானைகளுக்கு ஒரு வேர் தரப்படுவதைக் கண்டதே நிறுவனருக்குத் தூண்டுகோலாயிற்று என்பது அந்நிறுவனம் தன் வரலாற்றில் கூறும் செய்தி.

வக்கீலும் 1949ஆம் ஆண்டுக் கட்டுரையும்

இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் பயன்படுத்திவந்தும், இம்மருந்தை வெளியுலகம் அறியவில்லை. இந்திய இதழ்களில் வெளிவந்த கட்டுரைகள் மேனாட்டு மருத்துவரின் பார்வைக்கு எட்டாமை இதற்கு ஒரு காரணம். அந்நிலையை மாற்றியவர் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். இன்றியமையா உயர் இரத்த அழுத்தம் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட, காரணம் புலப்படாத வகையைச் சார்ந்த 50 நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தி மாத்திரை அளித்து, அழுத்தத்தை முறையாக அளந்து, முடிவுகளை 1949ஆம் ஆண்டில் பிரித்தானிய இதயநோய் ஆய்விதழில் வெளியிட்டார். பெரும்பாலோருக்கு மேல், கீழ் அளவுகள் இரண்டும் இறங்கியிருந்தன.

அக்காலத்து மருத்துவரின் கையில் இந்நோய்க்கு வேறு என்ன இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அக்கட்டுரையின் பெறுமதி விளங்கும். உப்பில்லாத அரிசி உணவு, பரிவு நரம்புகளை வெட்டியகற்றும் பெரும் அறுவை, கடும் பக்கவிளைவுகளை உடைய ஒருசில மருந்துகள் ஆகியவையே இருந்தன. வாய்வழி உட்கொள்ளும், ஓரளவு தாங்கத்தக்க மாத்திரை என்பது புதிய நம்பிக்கையாயிற்று. பாஸ்டனில் இராபர்ட் வில்கின்ஸ் என்னும் மருத்துவர் இந்தியாவிலிருந்து வேர் மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளிகளுக்கு அளித்து, 1950களின் தொடக்கத்தில் வக்கீலின் முடிவுகளை உறுதிசெய்தார். 1957ஆம் ஆண்டில், மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில், அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வக்கீலுக்கு வழங்கப்பட்டது.

பாசலும் தூய மருந்தும்

வேர்ப்பொடியில் பல ஆல்கலாய்டுகள் கலந்துள்ளன. ஒவ்வொரு செடியிலும் அவற்றின் அளவு வேறுபடும். அழுத்தத்தை இறக்கும் முதன்மைப் பொருள் எது என்ற வினாவுக்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் 1952ஆம் ஆண்டில் விடை கண்டனர். அவர்கள் பிரித்தெடுத்த தூயபொருளே ரெசர்பின். விரைவில் அது 'செர்பாசில்' என்ற வணிகப் பெயரில் உலகச் சந்தைக்கு வந்தது. கிராம் கணக்கில் பொடியை உட்கொள்ள வேண்டிய இடத்தில், நாளொன்றுக்குக் கால் மில்லிகிராமோ அதனினும் குறைவாகவோ போதுமானதாயிற்று. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் இராபர்ட் உட்வர்டு 1956ஆம் ஆண்டில் அதனை ஆய்வுக்கூடத்திலேயே தொகுத்து உருவாக்கியது கரிம வேதியியலின் அருஞ்செயல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

இவ்வாறு மருந்து பாசலில் தூய்மையுற்றது உண்மை. ஆயின் எந்த வேரில் தேட வேண்டும், எந்த நோய்க்குத் தேட வேண்டும் என்ற இரண்டையும் கல்கத்தாவும் பம்பாயும் முன்னரே வகுத்துத் தந்திருந்தன. மேனாட்டுப் பாடநூல்கள் சில 1952இலிருந்து கதையைத் தொடங்குவதும், நம் மேடைகள் சில சரகரிடமே கதையை முடித்துவிடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டுமே 1931 முதல் 1949 வரையிலான உழைப்பை மறைத்துவிடுகின்றன.

மருந்து செயற்படும் முறை

உடலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கவும் இதயத்தை விரைந்து துடிக்கவைக்கவும் கட்டளை கொண்டுசெல்பவை பரிவு நரம்புகள். இந்நரம்புகளின் முனைகளில் மிக நுண்ணிய பைகள் உள்ளன. நோர்அட்ரினலின் என்னும் நரம்புக் கடத்தி அவற்றில் சேமிக்கப்பட்டிருக்கும். கட்டளை வரும்போது பைகள் திறந்து, கடத்தி வெளிப்பட்டு, தமனியின் தசையைச் சுருங்கச் செய்கிறது. குழாய் குறுகும்போது அழுத்தம் உயர்கிறது.

நரம்பு முனையிலிருந்து கடத்தியை நுண்பைக்குள் ஏற்றுவதற்கென ஒரு புரதம் உண்டு. அதனை ஏற்றிப்புரதம் எனலாம். ரெசர்பின் அப்புரதத்தை இறுகப் பற்றி, அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. பைக்குள் நுழைய இயலாத கடத்தி நரம்பினுள்ளேயே நொதியால் சிதைக்கப்படுகிறது. பைகள் மெல்ல வெறுமையாகின்றன. கட்டளை வந்தாலும் வெளியிடுவதற்குச் சரக்கு இல்லை. நுண்தமனிகள் தளர்கின்றன, இதயத் துடிப்பு மட்டுப்படுகிறது, அழுத்தம் இறங்குகிறது. களஞ்சியத்தின் வாயிலை அடைத்துவிட்டால், இருப்பு தீர்ந்தபின் கடையில் விற்பனை நின்றுபோவதைப் போன்றது இது.

இம்முறையை அறிந்தால் இம்மருந்தின் இயல்புகள் பலவும் விளங்கும். இருப்பு தீர்வதற்கு நாள் பிடிக்குமாதலின், முழுப்பயன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. ஏற்றிப்புரதம் புதிதாக உருவாக வேண்டியிருப்பதால், மருந்தை நிறுத்திய பின்னும் விளைவு சில நாள்கள் நீடிக்கிறது. மூளையிலும் செரட்டோனின், டோபமின் முதலிய கடத்திகள் இதே வகை ஏற்றிப்புரதத்தால் சேமிக்கப்படுவதால், அங்கும் இருப்பு குறைகிறது. மரபு கண்ட உறக்கமும் அமைதியும் இதனால் விளைந்தவை. மூக்கடைப்பு, அயர்வு, வயிற்றுப்போக்கு, மிகுந்த அளவில் மனச்சோர்வு ஆகிய பக்கவிளைவுகளுக்கும் இதுவே அடிப்படை.

மருத்துவப் பயன்கள்

முதற்பயன் உயர் இரத்த அழுத்தம். அமெரிக்காவில் எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. அழுத்தத்தை மருந்தால் இறக்குவது நன்மைதானா என்பதிலேயே அக்கால மருத்துவர்க்கு ஐயம் இருந்தது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின் மூன்றையும், மற்றதற்கு மருந்தற்ற போலி மாத்திரையையும் அளித்தனர். 1967ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, போலி மாத்திரை பெற்றோருள் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. மருந்து பெற்றோருள் அவ்வாறு பாதிக்கப்பட்டோர் இருவர் மட்டுமே. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொண்டால் உயிர் காக்கப்படும் என்பதை ஐயமற நாட்டிய முதல் ஆய்வுகளுள் ஒன்றான இதில் இந்தியச் செடியின் மருந்தும் பங்காற்றியமை நாம் நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி.

இரண்டாம் பயன் மனநோய் மருத்துவம். நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் 1954ஆம் ஆண்டில் மனநோயாளிகளுக்கு இதனை அளித்துப் பயன் கண்டதை வெளியிட்டார். பின்னர் குளோர்பிரோமசின் முதலிய மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

மூன்றாவது, அறிவியலுக்கு விளைந்த பயன். சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1957ஆம் ஆண்டில், ரெசர்பின் தரப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, டோபமினாக மாறக்கூடிய எல்-டோபா என்னும் பொருளை அளித்தபோது அவை மீண்டும் எழுந்து நடமாடின. டோபமின் தனித்ததொரு நரம்புக் கடத்தி என்ற கருத்தும், நடுக்குவாத நோய்க்கு எல்-டோபா மருத்துவமும் இவ்வழியே பிறந்தன. கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரெசர்பினைப் போன்றே ஏற்றிப்புரதத்தைத் தடுக்கும் டெட்ராபெனசின் இன்று ஹன்டிங்டன் நோயின் கட்டுக்கடங்கா உடலசைவுகளுக்கு வழங்கப்படுகிறது.

வழக்கொழிந்த வரலாறு

ரெசர்பினின் புகழ் நீடிக்கவில்லை. அது மனச்சோர்வை உண்டாக்கும் என்ற செய்தி 1950களிலேயே பரவியது. அக்காலத்தில் இன்றைக்குத் தருவதைவிட மிகுந்த அளவு தரப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். 1974ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோயுடன் இதற்குத் தொடர்புண்டு எனக் கூறும் மூன்று கட்டுரைகள் 'லான்செட்' இதழில் ஒருங்கே வெளிவந்தன. பின்வந்த ஆய்வுகள் அத்தொடர்பை வலுவாக உறுதிசெய்யவில்லை எனினும், மருத்துவரின் நம்பிக்கை குலைந்தது. காப்புரிமைக் காலம் கடந்து மலிவாகிவிட்ட மருந்துக்காக வாதாட நிறுவனங்களும் முன்வரவில்லை.

அதற்குள் புதியவை பல தோன்றியிருந்தன. உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் தயசைடு மருந்துகள் 1950களின் இறுதியிலும், இதயத்தின் பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோபிரனலால் 1960களிலும் வந்தன. பிரேசிலின் சராராக்கா விரியன் பாம்பின் நஞ்சில் கண்ட பொருள்களின் அமைப்பைப் பின்பற்றிக் கேப்டோபிரில் உருவாகி, 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெக்கான் நானாஸுக்கு அன்னாசியைத் தந்த தென் அமெரிக்க மண்ணே அம்மருந்துக்கும் மூலத்தைத் தந்தது எனலாம். இன்று மலேசியாவில் வழங்கும் பெரிண்டோபிரில் அதன் வழித்தோன்றல். பாம்பின் நஞ்சை முறிக்கும் என நம்பப்பட்ட வேர் இரத்த அழுத்த மருந்தாயிற்று. பாம்பின் நஞ்சே பின்னர் மற்றோர் இரத்த அழுத்த மருந்துக்கு வழிகாட்டிற்று.

செடிக்கும் கேடு நேர்ந்தது. வேருக்காகவே பிடுங்கப்படுவதால் காடுகளில் அது அருகியது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் 1990ஆம் ஆண்டில் சர்ப்பகந்தி சேர்க்கப்பட்டது.

இன்றைய நிலையும் ஆசிரியர் கடமையும்

மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, நாட்டில் வயதுவந்தோருள் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளதாகக் காட்டியது. ஏறக்குறைய மூவருள் ஒருவர். அவர்களுள் கணிசமானோர் தமக்கு நோய் உள்ளதையே அறியாதவர். அறிந்தோருள்ளும் உடல் நன்றாக இருப்பதாக உணர்ந்து மாத்திரையை நிறுத்திவிடுவோர் உளர்.

இச்சூழலில் 'நம் முன்னோரின் வேர் இருக்க மேனாட்டு மாத்திரை எதற்கு?' என்ற பேச்சு வெறும் பெருமிதமாக நின்றுவிடுவதில்லை. அது நோயாளியின் கைக்கும் எட்டுகிறது. தூய்மைப்படுத்தாத வேர்ப்பொடியில் மருந்தின் அளவு நிலையானதன்று. வேறு மாத்திரைகளுடன் சேரும்போது அழுத்தமும் துடிப்பும் அளவுகடந்து இறங்கலாம். மனச்சோர்வுடையோருக்கு அது தீங்காக முடியலாம். பெரிண்டோபிரிலால் வறட்டிருமலோ, அம்லோடிபினால் கணுக்கால் வீக்கமோ ஏற்படின், மருத்துவரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். தாமே நிறுத்திவிட்டு வேரை நாடுவது முறையன்று.

தமிழாசிரியர் இவ்வரலாற்றை வகுப்பறையில் கூறும்போது இரண்டு செய்திகளை வலியுறுத்தலாம். முதலாவது, மரபறிவு என்பது ஆய்வுக்குரிய தொடக்கப்புள்ளி. அதனை முடிவாகக் கொண்டால் அதன் மதிப்பே குறைந்துவிடும். இரண்டாவது, பெருமைக்குரியோரைப் பெயர் சுட்டிப் போற்ற வேண்டும். வங்காளியரான சென்னும் போஸும், பின்னாளில் பாகிஸ்தானியரான சித்திக்கியும், பார்சியரான வக்கீலும் ஒரே வேரைச் சுற்றி நின்று உழைத்தனர். எந்த ஓர் இனமும் மொழியும் தனியுரிமை கொண்டாட இயலாத அறிவு அது.

முடிவுரை

சர்ப்பகந்தியின் பயன்களை மரபு நோக்கிற்று, இந்திய மருத்துவர் அளந்தனர், பாசல் தூய்மைப்படுத்திற்று, பாஸ்டன் உள்ளிட்ட பிற நகரங்கள் சோதித்தன. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியை நீக்கினாலும் மருந்து இல்லை. இவற்றுள் மிகுதியும் மறக்கப்பட்டது இரண்டாவது கண்ணி. பழமையின் பெயரால் நாமும், புதுமையின் பெயரால் பிறரும் அதனைத் தவறவிட்டோம். அதனை மீட்டு உரிய இடத்தில் வைப்பது வரலாற்றாசிரியரின் கடமை.

பெக்கான் நானாஸின் சுகாதார நிலையத்தில் கைப்பட்டை இறுகக் காத்திருக்கும் முதியவர், ரிவா-ரோச்சியும் கொரோட்கோவும் தந்த முறையால் அளக்கப்பட்டு, படைவீரர் மருத்துவமனை ஆய்வு உறுதிசெய்த நம்பிக்கையின்பேரில் மாத்திரையைப் பெற்று வீடு திரும்புகிறார். அவ்வாய்வில் ஓர் இந்தியச் செடியின் வேரும் பங்குகொண்டிருந்தது. இச்செய்தி அவருக்குத் தெரிவிக்கப்படுமாயின், கையிலுள்ள மாத்திரை அந்நியப் பொருளாகத் தோன்றாது. அதனை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ளவும் அது துணைசெய்யக்கூடும்.